மத்திய அரசின் மருத்துவச் சட்டங்களும் மருத்துவமனைகளின் குரலும்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

இந்தியாவில் மருத்துவமனைகளையும் மருத்துவர்களையும் கட்டுப்படுத்தும் சட்டங்களில் ஒரு பகுதியை நாடாளுமன்றமும் மறுபகுதியைச் சட்டமன்றங்களும் இயற்றுகின்றன. இச்சட்டங்கள் உருவாகும்போது மருத்துவமனைகளும் அவற்றின் சங்கங்களும் மனு அளித்து, வழக்குத் தொடுத்து, வேலைநிறுத்தம் செய்து தங்கள் கருத்தை வலியுறுத்தி வந்துள்ளன. ஏறத்தாழ நூறாண்டுகளாகத் தொடரும் இந்த உரையாடலின் முக்கியக் கட்டங்களை இக்கட்டுரை விவரிக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்து, பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்து, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்த கன்னியாகுமரி மாவட்டம் இவ்வரலாற்றைப் பார்க்க நல்ல இடம். ஒரே ஊர் மருத்துவமனை மூன்று ஆட்சிகளின் சட்டங்களுக்கு உட்பட்டிருந்த பகுதி இது.

அதிகாரம் யாரிடம் உள்ளது?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. பொதுச் சுகாதாரம், மருத்துவமனைகள், மருந்தகங்கள் ஆகியவை மாநிலப் பட்டியலின் 6ஆம் பதிவில் உள்ளன. மருத்துவத் தொழில் பொதுப்பட்டியலின் 26ஆம் பதிவிலும், மருந்துகளும் நச்சுப்பொருள்களும் அதே பட்டியலின் 19ஆம் பதிவிலும் வருகின்றன. மருத்துவக் கல்வி உள்ளிட்ட கல்வி, 1976இல் இயற்றப்பட்ட 42ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது.

இதன் பொருளை எளிதாகச் சொல்லலாம். மருத்துவமனைக் கட்டடமும் படுக்கையும் மாநிலத்தின் பொறுப்பு. உள்ளே அமர்ந்திருக்கும் மருத்துவரின் பட்டமும், அவர் எழுதிக் கொடுக்கும் மருந்தும் பெரும்பாலும் மத்தியச் சட்டத்தின் பொறுப்பு. மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் பற்றி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 252ஆம் பிரிவு ஒரு வழி வைத்துள்ளது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். அது அந்த மாநிலங்களுக்கும், பின்னர் விரும்பி ஏற்கும் மாநிலங்களுக்கும் மட்டும் பொருந்தும். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் 2010ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் இவ்வழியில் வந்தவை. மருத்துவமனைகளின் வாதங்களில் பாதி, இந்தப் பட்டியல் பிரிவினையைச் சுற்றியே எழுந்தவை.

திருவிதாங்கூர் காலம்: நெய்யூரும் நாகர்கோவிலும்

இன்றைய குமரி மாவட்டத்தில் நவீன மருத்துவமனை மிஷனரிகளின் முயற்சியால் தொடங்கியது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860களில் அங்கு பணியாற்றிய மருத்துவர் ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு நடத்தினார். அவ்வாறு பயின்றவர்கள் கிளை மருத்துவமனைகளில் பணியாற்றினர். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சோமர்வெல், 1923 முதல் நெய்யூரில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தது இம்மாவட்டத்தில் பலரும் அறிந்த செய்தி.

நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் ஹாரி ஆண்ட்ரூஸ் 1893இல் தம் வீட்டுக் குளியலறையிலேயே சிறிய மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். மருத்துவர் பெர்சி டர்னர் வந்தபின் அது கேத்தரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. ஆண்ட்ரூஸ் பின்னர் 1919இல் வசீரிஸ்தான் போர்முனையில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிக்கையில் உயிரிழந்தார். அவருக்கு விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது.

இவ்விரு தொடக்கங்களிலும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளியலறையில் மருந்தகம் நடத்தவும், உள்ளூர் இளைஞருக்குப் பயிற்சி அளித்துக் கிளை மருத்துவமனைக்கு அனுப்பவும் அன்று பதிவுச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. இன்றைய சட்டத்தின் அளவுகோலால் அளந்தால் அவை இரண்டும் இயங்கியிருக்க முடியாது. ஆனால் அவை இல்லாதிருந்தால் அன்றைய ஏழை மக்களுக்குச் சிகிச்சை கிடைத்திருக்காது. தரத்தை உயர்த்தும் சட்டம், கிடைக்கும் சிகிச்சையைக் குறைத்துவிடுமா என்ற கேள்வி அன்று முதல் இன்று வரை இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது.

பட்டச் சட்டங்களும் சங்கங்களின் தோற்றமும்

பிரிட்டிஷ் இந்திய அரசு 1916இல் இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டத்தை இயற்றியது. அங்கீகாரமற்ற நிறுவனங்கள் மருத்துவப் பட்டம் வழங்குவதை அது தடைசெய்தது. 1933இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களை மட்டுமே அது கணக்கில் கொண்டது. மருத்துவப் பள்ளிகளில் பயின்று உரிமம் பெற்ற 'லைசென்ஷியேட்' மருத்துவர்கள் ஒதுக்கப்பட்டனர். சிற்றூர்களில் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் அவர்களே. அவர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்து இந்தப் பாகுபாட்டை எதிர்த்தனர். இச்சட்டங்கள் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியவை. திருவிதாங்கூர் ஒரு சுதேச சமஸ்தானம் ஆதலால் இவை இங்கே நேரடியாகச் செல்லுபடியாகவில்லை.

மத்தியச் சட்டங்களை நோக்கிக் குரல் எழுப்பக்கூடிய அமைப்புகள் இக்காலத்திலேயே உருவாயின. மருத்துவ மிஷனரிகள் 1905இல் தொடங்கிய சங்கம், 1926இல் இந்தியக் கிறித்தவ மருத்துவச் சங்கமாகப் பெயர் பெற்றது. 1928இல் கல்கத்தாவில் இந்திய மருத்துவச் சங்கம் (ஐ.எம்.ஏ.) நிறுவப்பட்டது. 1943இல் குண்டூரில் ஆஸ்திரேலியத் துறவியும் மருத்துவருமான மேரி குளோரி கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தொடங்கினார். இவற்றுள் ஐ.எம்.ஏ. மருத்துவர்களின் சங்கம். மற்ற இரண்டும் அறப்பணி மருத்துவமனைகளை ஒன்றிணைத்தவை. இந்த வேறுபாடு பின்னாளில் முக்கியமாகிறது.

இதே காலத்தில் வேலூர் ஒரு பெரிய சோதனையைச் சந்தித்தது. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி, உரிமப் படிப்பை மட்டுமே நடத்தி வந்தது. 1930களின் இறுதியில் அப்படிப்பைக் கைவிட்டுப் பட்டப்படிப்புக்கு மாற வேண்டிய நிலை ஏற்பட்டது. மாறாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். பல சபைகளைச் சேர்ந்த மிஷன் மருத்துவமனைகள் ஒன்றுகூடி வேலூரைத் தங்கள் பொதுக் கல்லூரியாக உயர்த்த முன்வந்தன. 1942இல் அங்கு எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. நெய்யூரின் சோமர்வெல்லும் பின்னர் வேலூருக்குச் சென்று பணியாற்றினார். கடுமையான விதி ஒன்று வந்தபோது, விலக்குக் கேட்பதோடு நில்லாமல், கூட்டாக முதலீடு செய்து அவ்விதியின் உயரத்துக்கு எழுந்த நிகழ்வு இது. இவ்வரலாற்றில் அத்தகைய நிகழ்வுகள் அதிகம் இல்லை.

1943இல் அமைக்கப்பட்ட ஜோசப் போர் குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. நாடு முழுவதும் ஒரே தகுதியுடைய மருத்துவர் என்ற கொள்கையை அது முன்வைத்தது. உரிமப் படிப்புகள் படிப்படியாக மறைந்தன. 1956ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது.

குமரியின் இணைப்பும் குரலற்றோரும்

1953இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசு மருத்துவர்கள் சட்டம் ஒன்றை இயற்றியது. நவீன மருத்துவர்களோடு நாட்டு வைத்தியர்களையும் பதிவு செய்ய அது வழிவகுத்தது. மூன்றாண்டுகளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு மாறின. இணைந்த பகுதிகளுக்குச் சென்னைச் சட்டங்களை விரிவாக்க 1957இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

குமரி மாவட்டம் வர்ம ஆசான்களுக்கும் சித்த வைத்தியர்களுக்கும் பெயர் பெற்றது. குருவிடம் கற்று, வீட்டுத் திண்ணையில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்ட மரபு அது. 1970இல் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம் சித்த மருத்துவத்தை அங்கீகரித்துக் கல்லூரிப் பட்டத்தை அடிப்படையாக வைத்தது. 2020இல் அதற்கு மாற்றாக இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பட்டம் பெறாத பரம்பரை ஆசான்களின் இடம் சுருங்கியது. போலி வைத்தியத்தைத் தடுக்கத் தகுதிச் சட்டம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் டில்லியில் அலுவலகமும் வழக்கறிஞரும் வைத்திருக்கும் சங்கம் அந்த ஆசான்களுக்கு இருக்கவில்லை. சட்டம் இயற்றும் அவைக்கு வெளியே எழும் குரலும் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

மருத்துவமனை ஒரு 'தொழிலா'?

மருத்துவமனைகள் மிக நீண்ட காலம் நடத்திய சட்டப் போராட்டம், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் பற்றியது. மருத்துவமனை அச்சட்டம் கூறும் 'தொழில்' என்றால், அதன் ஊழியர்கள் ஆட்குறைப்பு இழப்பீடு, தொழிலாளர் நீதிமன்றம் முதலிய பாதுகாப்புகளைப் பெறுவர்.

1960இல் பம்பாய் மருத்துவமனை ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனையைத் தொழில் என்றது. 1970இல் சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் அதே நீதிமன்றம் அவ்வாறு அல்ல என்றது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் முதன்மைத் தீர்ப்பு வழியே, மருத்துவமனைகளும் கல்வி நிலையங்களும் தொழிலே என்று மீண்டும் கூறியது.

இலாபம் கருதாத அறப்பணி நிலையத்தை ஆலையோடு சேர்ப்பது சரியன்று என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். இதையடுத்து 1982இல் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றி, மருத்துவமனைகளையும் அறப்பணி நிறுவனங்களையும் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து நீக்கியது. திருத்தச் சட்டத்தின் மற்ற பகுதிகள் 1984இல் நடைமுறைக்கு வந்தன. வரையறை மட்டும் நடைமுறைக்கு வரவேயில்லை. மருத்துவமனை ஊழியர்களின் குறைகளைத் தீர்க்க மாற்று ஏற்பாடு அமையாததே காரணம். அதற்காகக் கொண்டுவரப்பட்ட தனி மசோதா சட்டமாகவில்லை. நாடாளுமன்றத்தில் வெற்றி பெற்ற கோரிக்கையும் அரசிதழ் அறிவிப்பு ஒன்று இல்லாமல் ஏட்டளவில் நின்றுவிடலாம் என்பதற்கு இது சான்று. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், அறப்பணி அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை மட்டும் வரையறையிலிருந்து விலக்கியது. மற்ற தனியார் மருத்துவமனைகளுக்கு அந்த விலக்கு இல்லை. இச்சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அறப்பணி மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டியவர்களே. நிறுவனத்தின் சேவை நோக்கம் ஊழியரின் ஊதியத்தைக் குறைக்கும் காரணமாகலாமா என்ற கேள்விக்கு 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பு 'கூடாது' என்று விடை சொன்னது. அந்த விடையை எல்லோரும் ஏற்கவில்லை.

நோயாளி ஒரு நுகர்வோரா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. மருத்துவச் சிகிச்சை அச்சட்டத்தில் கூறப்படும் 'சேவை'யா என்பது தெளிவாக இல்லை. திருவனந்தபுரம் தனியார் மருத்துவமனை ஒன்றைப் பற்றிய வழக்கில் 1992இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 'ஆம்' என்றது. 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் 'இல்லை' என்றது. களியக்காவிளைக்கு இருபுறமும் இரு விடைகள் இருந்தன என்றே சொல்லலாம்.

ஐ.எம்.ஏ. தொடுத்த வழக்கில் 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இறுதி விடை அளித்தது. கட்டணம் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது. யாரிடமும் கட்டணம் பெறாத மருத்துவமனைக்கு அச்சட்டம் பொருந்தாது. சிலரிடம் கட்டணம் பெற்று ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் இடத்தில், இலவசச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோரே. மிஷன் மருத்துவமனைகள் பலவும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. பணம் கொடுத்தவருக்கு ஒரு நீதி, கொடுக்க இயலாதவருக்கு வேறு நீதி என்று இருக்கக்கூடாது என்பதே இதன் சாரம்.

கோரிக்கை அத்துடன் நிற்கவில்லை. புதிய நுகர்வோர் மசோதாவின் 2018ஆம் ஆண்டு வடிவத்தில் 'சேவை' என்பதன் பட்டியலில் 'மருத்துவம்' வெளிப்படையாக இடம்பெற்றிருந்தது. மருத்துவர்களின் எதிர்ப்பை அடுத்து 2019இல் நிறைவேறிய சட்டத்தில் அச்சொல் நீக்கப்பட்டது. இதனால் மருத்துவர்கள் இச்சட்டத்துக்கு வெளியே வந்துவிட்டனர் என்று கூறிப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2021இல் அவ்வழக்குத் தள்ளுபடியானது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பட்டியலிலிருந்து ஒரு சொல்லை நீக்கியதால் பொருள் நீங்கிவிடவில்லை.

2010ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம்

மருத்துவமனைகள் மிகக் கடுமையாக எதிர்த்த மத்தியச் சட்டங்களில் ஒன்று, மருத்துவ நிறுவனங்கள் (பதிவு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 2010. அருணாசலப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம், மிசோரம், சிக்கிம் ஆகிய நான்கு மாநிலங்களின் தீர்மானங்களை அடிப்படையாகக் கொண்டு 252ஆம் பிரிவின்கீழ் இது இயற்றப்பட்டது. 2012 மார்ச் 1 அன்று அந்த மாநிலங்களிலும் டில்லி நீங்கலான ஒன்றியப் பகுதிகளிலும் நடைமுறைக்கு வந்தது. உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், பீகார் முதலிய மாநிலங்கள் பின்னர் ஏற்றன. தமிழ்நாடும் கேரளமும் ஏற்கவில்லை.

இச்சட்டத்தின்படி ஒற்றை மருத்துவர் நடத்தும் கிளினிக் முதல் பெரிய மருத்துவமனை வரை எல்லாம் பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தபட்சத் தரம் உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பதிவு செய்யும். பதிவின்றி நடத்தினால் முதல் முறை 50,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். 2012ஆம் ஆண்டு விதிகள், கட்டணத்தை வெளியில் எழுதி வைக்கவும், அரசு வரையறுக்கும் வரம்புக்குள் வசூலிக்கவும் கூறின.

எதிர்ப்பின் காரணங்களை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, அவசரச் சிகிச்சை. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை நிலைப்படுத்த வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. பல் மருத்துவரோ கண் மருத்துவரோ மாரடைப்பை எப்படிக் கையாள்வார் என்று சங்கங்கள் கேட்டன. ஆனால் அப்பிரிவிலேயே 'இருக்கும் பணியாளர்களையும் வசதிகளையும் கொண்டு' என்ற பொருளுடைய தொடர் உள்ளது. மேலும் 1989இலேயே, விபத்தில் சிக்கியவருக்கு முதலில் சிகிச்சை, பிறகே போலீஸ் நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இரண்டாவது, கட்டண வரையறை. ஒரே அறுவைச் சிகிச்சைக்கு மும்பையிலும் மார்த்தாண்டத்திலும் செலவு ஒன்றாக இராது என்பது நியாயமான வாதம். எனினும் சிகிச்சைக்கு முன் செலவைத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு வேண்டும் என்பதும் நியாயமே. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கட்டண விதியை இத்தனை ஆண்டுகளாகச் செயல்படுத்தாதது குறித்து மத்திய அரசைக் கண்டித்தது. மூன்றாவது, சிறிய மருத்துவமனைகளின் நிலை. இது தனியாகப் பேச வேண்டியது.

நம் மாவட்டத்தில் கணவனும் மனைவியும் மருத்துவர்களாக இருந்து நடத்தும் பத்து, இருபது படுக்கை ஆஸ்பத்திரிகள் பல ஊர்களில் உண்டு. நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்கும் இடங்கள் அவை. அறையின் அளவு, பணியாளர் எண்ணிக்கை, தீயணைப்புச் சான்று, கழிவு அகற்றும் ஒப்பந்தம் என்று விதிகள் பெருகும்போது, பெரிய நிறுவனம் அதற்கென்று ஓர் அலுவலரை நியமித்துக்கொள்ளும். சிறிய ஆஸ்பத்திரியில் மருத்துவரே படிவம் நிரப்ப வேண்டும். அது மூடப்பட்டால் நோயாளி நகரத்து மருத்துவமனைக்குச் சென்று கூடுதல் கட்டணம் செலுத்துவார். ஒழுங்குமுறைச் சட்டம் தன்னை அறியாமலேயே பெரிய நிறுவனங்களுக்கு உதவிவிடும் என்ற அச்சம் வெறும் சாக்கன்று. அதேவேளையில் சுத்திகரிக்கப்படாத கருவியும் பயிற்சியற்ற பணியாளரும் சிறிய இடத்தில் இருந்தால் மன்னிக்கத்தக்கவை ஆகிவிடா. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

தமிழ்நாட்டின் தனி வழி

தமிழ்நாட்டில் மத்தியச் சட்டத்துக்கு முன்பே, 1997இல், தனியார் மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் நிறைவேறியது. ஆனால் அதைச் செயல்படுத்தும் விதிகள் 2018இல்தான் வெளியாயின. ஆக, 21 ஆண்டுகள் சட்டம் இருந்தும் நடைமுறை இல்லை. 2018இல் பெயரிலிருந்த 'தனியார்' என்ற சொல் நீக்கப்பட்டு அரசு மருத்துவமனைகளும் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. தனியாருக்கு மட்டும் தரம், அரசுக்கு விலக்கா என்று நெடுநாள் கேட்கப்பட்ட கேள்விக்கு இதில் விடை கிடைத்தது.

கேரளம் 2018இல் தனக்கெனச் சட்டம் இயற்றியது. அதன் கட்டண அறிவிப்பு முதலிய பிரிவுகளை எதிர்த்துத் தனியார் மருத்துவமனைகளும் ஐ.எம்.ஏ.யும் தொடுத்த வழக்குகளை 2025இல் கேரள உயர் நீதிமன்றம் நிராகரித்தது. குமரி மாவட்டத்து நோயாளிகள் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கும் செல்வது வழக்கம். களியக்காவிளைச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் மருத்துவமனைச் சட்டம் மாறிவிடுகிறது. இருபுறமும் 2010ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இல்லை.

மருத்துவ ஆணையமும் இடங்களின் கணக்கும்

மருத்துவக் கல்வியில் மத்திய அரசின் கை மேலோங்கியது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் செயல்பாட்டை நாடாளுமன்ற நிலைக்குழு தன் 92ஆவது அறிக்கையில், 2016 மார்ச்சில், கடுமையாக விமர்சித்தது. 2017 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணைய மசோதா அறிமுகமானது. ஆயுஷ் மருத்துவர்கள் குறுகிய இணைப்புப் படிப்புக்குப் பின் நவீன மருந்துகளை எழுதலாம் என்ற பிரிவு அதில் இருந்தது. 2018 ஜனவரி 2 அன்று ஐ.எம்.ஏ. வேலைநிறுத்தம் அறிவித்தது. மசோதா நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டதும் அது அன்றே விலக்கிக்கொள்ளப்பட்டது. நிலைக்குழு அறிக்கைக்குப் பின் இணைப்புப் படிப்பு கைவிடப்பட்டது. 2019 ஜூலை 31 அன்று மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தது. எனினும் மறுநாளே மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. 2020 செப்டம்பர் 25 அன்று ஆணையம் செயல்படத் தொடங்கியது.

நுழைவுத் தேர்வு பற்றிய வழக்கிலும் வேலூரின் பெயரே முன்னின்றது. கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீட் தேர்வை இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. 2020 ஏப்ரலில், நீட் தேர்வு சிறுபான்மை நிறுவனங்களின் உரிமையைப் பறிக்கவில்லை என்று தீர்ப்பானது. சிற்றூர் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற மனமுள்ள மாணவரைத் தேர்ந்தெடுக்கத் தன் முறை உதவியது என்பது கல்லூரியின் நெடுநாள் வாதம். மதிப்பெண் ஒன்றே அளவுகோல் ஆனபின் அந்த மருத்துவமனைகளுக்கு மருத்துவர் கிடைப்பரா என்பது திறந்த கேள்வியாகவே உள்ளது.

2023 ஆகஸ்டில் ஆணையம் வெளியிட்ட அறிவிப்பு, 10 லட்சம் மக்களுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள் என்று வரம்பு விதித்தது. தென்மாநிலங்கள் ஏற்கெனவே அந்த அளவைத் தாண்டியிருந்ததால் புதிய கல்லூரிகள் தடைபடும் நிலை உண்டானது. தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டே விதி நிறுத்தி வைக்கப்பட்டது. மருத்துவமனைச் சங்கங்களின் வேலைநிறுத்தத்தால் ஆகாததை, சில வேளைகளில் மாநில அரசின் ஒரு கடிதம் ஆக்கிவிடுகிறது.

இரட்டைக் கோரிக்கை

மருத்துவமனைகளின் வாதங்களில் ஒரு முரண் உண்டு. பதிவு, கட்டணம் பற்றிப் பேசும்போது 'சுகாதாரம் மாநிலப் பொருள்' என்பர். மருத்துவர் மீதான தாக்குதல் பற்றிப் பேசும்போது 'நாடு முழுவதற்கும் ஒரே மத்தியச் சட்டம் வேண்டும்' என்பர். தமிழ்நாட்டில் இதற்கு 2008ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் உண்டு. 2019இல் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டுப் பின் கைவிட்டது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி மருத்துவப் பணியாளருக்குப் பாதுகாப்பு அளித்தது. கொல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதை அடுத்து 2024 ஆகஸ்ட் 17 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு அமைத்தது. தனி மத்தியச் சட்டம் தேவையில்லை என்று அக்குழு கருதியது.

இந்த முரண் மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியதன்று. மத்திய அரசும் மாநிலங்களும் கூடத் தமக்கு ஏற்றபடி பட்டியலைக் காட்டுகின்றன. சுகாதாரத்தைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றலாம் என்று 15ஆவது நிதி ஆணையத்தின் தலைவர் என்.கே. சிங் கூறியபோது, இந்த விவாதம் மீண்டும் உயிர் பெற்றது.

குரல் எவ்வழியே செல்கிறது?

அமெரிக்காவில் 1898 முதல் மருத்துவமனைச் சங்கம் இயங்கி வருகிறது. அங்கு சட்டமியற்றுவோரை அணுகிப் பரிந்து பேசுபவர்கள் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்து, செலவைக் கணக்குக் காட்ட வேண்டும். இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. இங்கு வழிகள் வேறு. 2014ஆம் ஆண்டுக் கொள்கையின்படி, சட்ட வரைவுகளை 30 நாள் பொதுப்பார்வைக்கு வைக்க வேண்டும். 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் மசோதாக்கள் பற்றிக் கருத்துக் கேட்டு, அமைப்புகளை நேரில் அழைக்கின்றன. இவை தவிர, நீதிமன்றமும் தெருவும் உண்டு. நிலைக்குழுவுக்கு யார் வேண்டுமானாலும் மனு அனுப்பலாம் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. நோயாளியும் அனுப்பலாம்.

மதிப்பீடு

நூறாண்டு வரலாற்றை ஒருசேரப் பார்த்தால் சில உண்மைகள் தெளிவாகின்றன. மருத்துவமனைகளின் எதிர்ப்பு எப்போதும் சுயநலமாக இருக்கவில்லை. இணைப்புப் படிப்பை எதிர்த்ததில் நோயாளி பாதுகாப்பும் கலந்திருந்தது. அதேபோல், எல்லா எதிர்ப்பும் பொதுநலமாகவும் இருக்கவில்லை. 'மருத்துவம்' என்ற ஒரு சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கச் செய்த முயற்சியால் எந்த நோயாளிக்கும் நன்மை இல்லை.

மற்றோர் உண்மை, மேசையில் யாருக்கு இருக்கை இருந்தது என்பது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் தேசியக் கவுன்சிலில் ஐ.எம்.ஏ.வுக்கு ஓர் இடமும் நுகர்வோர் அமைப்புகளுக்கு இரண்டு இடங்களும் உண்டு. இது நல்ல முன்மாதிரி. ஆனால் பத்துப் படுக்கை ஆஸ்பத்திரிக்கும், கிராமத்துச் செவிலியருக்கும், திண்ணையில் கட்டுப்போட்ட ஆசானுக்கும் அங்கே இடம் இல்லை. நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் ஒரு காலத்தில் மருத்துவத்தை ஏழை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் இத்தகைய சிறியவர்களே. அடுத்த சட்ட வரைவு பொதுப்பார்வைக்கு வரும்போது, அந்த 30 நாட்களில் அவர்கள் சார்பிலும் நான்கு வரி எழுதப்பட வேண்டும்.